மாடி வெயில்

தெருக் கம்பத்து மின்சாரம் அடியோடு நின்றுபோன பிறகு, வேலூரில் சோலார் பேனல் விரிக்க மாடி வைத்திருப்பவர்கள்தான் பணக்காரர்கள். பாகப்பிரிவினையில் மாடி மூத்த மருமகள் யாமினிக்குப் போனது. கீழ்வீடு இளையவள் நறுமுகைக்கு வந்தது.

நறுமுகையின் ஜன்னலில் கட்டிய சின்ன சோலார் பேனலை வெயில் எட்டிப் பார்ப்பதோடு சரி. அதில் சார்ஜ் ஏறும் பேட்டரி ஒரு விளக்குக்கே போதவில்லை. மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. பேட்டரியை எடுத்துக்கொண்டு சார்ஜ் கேட்டு யாமினியிடம் போய் நிற்பதைவிட இருட்டில் சாப்பிடுவதே மேல் என்று இருந்தாள்.

சித்திரையில் ஒரு மதியம் யாமினியே இறங்கி வந்தாள். முகம் வெந்து சிவந்திருந்தது. வந்தவள் வெறும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாள்.

"மேல ஃபேன் போட்டா நெருப்புக் காத்துதான்டி வருது. உன் வீடு மட்டும் எப்படி இப்படி ஜில்லுனு இருக்கு? நீ குடுத்து வச்சவ."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று நறுமுகைக்கு உடனே புரிந்தது. அதோடுதானே அவள் இத்தனை நாளும் குடித்தனம் நடத்தினாள்.

"வெயில் தாழற வரைக்கும் தினம் இங்க வந்து படுத்துக்கட்டுமா?"

மேலே சுற்றிய மின்விசிறிச் சத்தத்தை நினைத்துக்கொண்டு நறுமுகை அவசரப்படாமல் யோசித்தாள்.

"வாங்கக்கா. உங்க வீட்டுக்காரர மட்டும் கூட்டிட்டு வராதீங்க, இடம் பத்தாது."

அந்தக் கூடத்தில் பத்துப் பேர் தாராளமாகப் படுக்கலாம்.