இரண்டாவது கிளட்ச்

"கிளட்ச்ல ஒரு கோளாறும் இல்லடா தம்மோ. வெண்ணெய் மாதிரி போயிட்டு வருது. எடுத்துட்டுக் கிளம்பு."

கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் ஒக்கோ சொன்னதும் தம்மோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் பொய் சொல்றேனா? நீயும் அந்த ஆளோட சேர்ந்துட்டியா?"

அந்த ஆள் என்றால், எம்டன் நகரிலிருந்து வருகிற தேர்வு அதிகாரி. ஆளும் எம்டன்தான். தம்மோ முப்பத்தொரு வருஷமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு கிளட்ச் பெடல், பக்கத்தில் உட்காரும் வாத்தியாருக்கு இன்னொன்று. ஒன்றை மிதித்தால் மற்றதும் சேர்ந்து கீழே போகும். தேர்வு நடக்கும்போது வாத்தியாரின் கால் பெடலில் பட்டால் போதும், மாணவர் ஃபெயில்.

போன மாதம் அவருடைய மாணவி வீப்கே இரண்டு தடவை தேர்வுக்குப் போனாள். இரண்டு தடவையும் அவள் மிதித்த கிளட்ச் மேலே வராமல் கீழேயே ஒட்டிக்கொண்டது. பின்சீட்டிலிருந்த அதிகாரி இரண்டு தடவையும் 'வாத்தியார் மிதித்துவிட்டார்' என்று எழுதிவிட்டார். இன்னொரு தடவை நடந்தால் தம்மோ வாத்தியார் வேலையையே மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தேர்வு இன்று மூன்று மணிக்கு. இப்போதே ஒன்றரை.

"முதல்லேர்ந்து சொல்லு. நீ ஓட்டும்போது ஒட்டுதா?" என்றார் ஒக்கோ.

"நான் எங்கடா ஸ்டீயரிங்கைத் தொட்டேன்? காலைல என்னை வீட்டு வாசல்ல ஏத்திக்கிறதுலேர்ந்து சாயங்காலம் இறக்கி விடற வரைக்கும் பசங்கதான் ஓட்டறாங்க."

"அவங்க எல்லாருக்கும் ஒட்டுதா?"

"எல்லாருக்கும். ஆனா எப்பவும் இல்ல. திடீர்னு ஒட்டும், திடீர்னு விட்டுடும்."

ஒக்கோ தலையைச் சொறிந்தார். காலையிலிருந்து அவர் பார்க்காத இடமில்லை. கால்மிதியை உருவி எறிந்தார். ஆயிலை மாற்றினார். ஸ்பிரிங் புதுசு. இரண்டு பெடலையும் இணைக்கிற கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

வீப்கே டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று கோப்பை முடியாமல் ஒக்கோ யாரையும் எழுந்திருக்க விடமாட்டார். பாவம், பதற்றத்தில் அவளுக்கு முதல் கோப்பையே இறங்கவில்லை.

"சார், நான் மட்டும் தனியா ஒரு ரவுண்டு போய்ப் பாக்கட்டுமா?"

ஷெட்டைச் சுற்றி நாலு ரவுண்டு போனாள். ஒட்டவில்லை. ஒக்கோ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஒட்டவில்லை. தம்மோ ஏறி உட்கார்ந்தார்.

"ஐயோ! ஒட்டிக்கிச்சு சார்!"

"நீ இறங்குடா" என்றார் ஒக்கோ.

இறங்கினார். சரியாகிவிட்டது. மறுபடி ஏறினார். மறுபடி ஒட்டிக்கொண்டது.

"கிழிஞ்சது போ. நூத்திப்பத்து கிலோவை எந்த வண்டிடா தாங்கும்? நீ உக்காந்தா தரை வளைஞ்சு கேபிளை இழுக்குதோ என்னமோ."

"விளையாடற நேரமாடா இது?" தம்மோவின் குரல் உடைந்தது. "முப்பத்தொரு வருஷம். ஒரு தடவைகூடத் தேர்வுல பெடலைத் தொட்டதில்ல. கடைசில பொய்யன்னு பேர் வாங்கிட்டு வீட்ல உக்காரணுமா? இந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

வீப்கே சட்டென்று, "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க சார். எங்க வேணா வந்து சொல்றேன்" என்றாள். அதைக் கேட்டதும் அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஒக்கோ அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தம்மோ பக்கத்துக் கதவைத் திறந்து, தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தார்.

"மிதிம்மா."

"மிதிச்சுட்டுக் காலை எடுத்துட்டேன் சார். பெடல் மேல வரல."

ஒக்கோ டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு இன்னும் உள்ளே குனிந்தார்.

"என்னடா, கேபிளா?" தம்மோ பொறுமையிழந்தார். "ஸ்பிரிங்கா? வாயைத் திறந்து சொல்லேன்!"

"தம்மோ, உன் இடது கால் எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? பின்னால இழுத்து சீட்டுக்கு அடியில வெச்சிருக்கேன், எப்பவும் போல. அந்த ஆள் கேட்ட கேள்வியையே நீயும் கேக்கறியா?"

"சரிடா, கோவிச்சுக்காத. நான் இப்ப என்ன பண்றேன்னு சொல்லு."

"டார்ச்சைக் கீழ வெச்சுட்டு என்னத்தையோ ஆராய்ச்சி பண்ற."

"வேற?"

"வேற என்ன? சும்மா உக்காந்திருக்க. மணி ஆகுதுடா!"

ஒக்கோ தலையை மட்டும் நிமிர்த்தினார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"கொஞ்சம் குனிஞ்சு பாருடா" என்றார்.

தம்மோ தொப்பையை ஒதுக்கிக்கொண்டு, எரிச்சலோடு குனிந்து பார்த்தார். அவருடைய இடது கால் கிளட்ச்சை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கணுக்காலை ஒக்கோ இரண்டு கைகளாலும் பலங்கொண்ட மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.