அல்லி என்ற பெயரில்

சுபாஸ்ரீயின் அறைக் கதவிலிருந்து தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தார் அவள் அப்பா சக்ரபாணி. ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"இனிமே இந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஃபேனையும் கழட்டச் சொல்றேன்."

பதினேழு வயது சுபாஸ்ரீ கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் சோபாவின் நுனியில் இருந்த மாதங்கிக்கு, வந்தது தவறோ என்று இருந்தது. ஆனால் வராமல் இருக்கவும் முடியவில்லை.

'பனிக்கோட்டை' என்ற மாயாஜால நாவல் வரிசைக்கு ரசிகர்கள் நடத்தும் இணையக் காப்பகம் ஒன்று உண்டு. அந்தப் பாத்திரங்களை வைத்து வாசகர்களே கதையும் கவிதையும் எழுதி அனுப்புவார்கள். வருவதைப் படித்து வெளியிடுவது மாதங்கியின் வேலை.

ஓராண்டாக 'அல்லி' என்ற பெயரில் கவிதைகள் வந்துகொண்டிருந்தன. எல்லாமே அரசி நீலியைப் பற்றியவை. கோட்டையில் எல்லோரோடும் வாழ்ந்தும் யார் கண்ணுக்கும் தெரியாதபடி சபிக்கப்பட்டவள் நீலி.

நேற்று வந்த கவிதையின் கீழே ஒரு குறிப்பு இருந்தது. 'இதுதான் கடைசி. என் கணக்கை மூடிவிடுங்கள்.' மாதங்கி எழுதிய மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. காப்பகத்தின் ஆண்டுமலரை அனுப்புவதற்காக அல்லி கொடுத்திருந்த பெயரும் முகவரியும் மட்டும் இருந்தன. சுபாஸ்ரீ, மௌலா அலி. அதே ஊர்தான் என்பதால், மாதங்கி ஹப்சிகுடாவில் இருந்த தன் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

"அத இன்னொரு தடவை படிங்கம்மா," என்றார் சக்ரபாணி. "இவளுக்கு நல்லாக் கேக்கட்டும்."

மாதங்கி கைப்பேசியைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் படித்தாள்.

"நாளைக்கு என்னைத் தேட வேண்டாம்.
தேடிப் பழக்கமில்லாதவர்களுக்கு எதற்குச் சிரமம்.
ஏரிக்கு அடியில் ஒரு கோட்டை இருக்கிறது.
அங்கே எனக்கு நிழல் விழும்."

"நேனு காது நானா," என்றாள் சுபாஸ்ரீ. தான் இல்லை என்பதைத் தெலுங்கிலேயே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"காது மூக்கெல்லாம் அப்புறம். வந்தவங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு. யாரு அந்தப் பையன்?"

"பையனெல்லாம் எவனும் இல்ல."

"நாடகம் நக்கோ, வேணாம் சுபா. ஈமெயில் உன் பேர்ல இருக்கு. அட்ரஸ் உன் பேர்ல இருக்கு. பின்ன எதிர் வீட்டு ரெட்டிகாருவா எழுதினார்?"

சமையலறை வாசலில் நின்றிருந்த சுபாஸ்ரீயின் அம்மா ஜலஜா, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். மாதங்கி வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஏம்மா," என்று இப்போது மெல்லக் கேட்டார். "அது நல்லா இருக்கா?"

மாதங்கி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "நல்லா இருக்கு ஆன்ட்டி. அல்லியோட கவிதைக்குன்னே எங்க காப்பகத்துக்கு வர்றவங்க இருக்காங்க. எனக்கே சிலது மனப்பாடம்."

ஜலஜாவின் முகம் ஒரு கணம் இளகியது. பெற்றவளுக்கு இந்த நேரத்திலும் பெருமைதான் என்று மாதங்கி நினைத்துக்கொண்டாள்.

"அதக் கேட்டு நீ என்ன பண்ணப் போற?" என்றார் சக்ரபாணி. "போய் காபியப் போடு. உனக்கு வர்றது அது ஒண்ணுதான்."

"பால் இல்லீங்க. வாங்கிட்டு வந்துடறேன்."

ஜலஜா அறைக்குள் போய் மகளின் தலையை ஒருமுறை தடவிக் கொடுத்தார். "பாவம், அவளைத் திட்டாதீங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

சக்ரபாணி மகளின் கைப்பேசி, லேப்டாப், மேசையிலிருந்த கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அள்ளி பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரே பொண்ணும்மா. ராத்திரி இவ ரூம் வாசல்லயே படுத்துக்கறேன். இனிமே கண்ண எடுக்க மாட்டேன்."

சமையலறையில் ஃபில்டரிலிருந்து டிகாஷன் சொட்டுவது கூடத்துக்குக் கேட்டது.

"பால் பூத் கீழயே இருக்கு. இவ்ளோ நேரம் கைக்கு, எதுக்கு?" என்று அலுத்துக்கொண்டே சக்ரபாணி பால்கனிக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார்.

மாதங்கி அறைக்குள் போய்க் கட்டிலில் சுபாஸ்ரீயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புதியவர்களிடம் பேசுவது அவளுக்கு எப்போதுமே கடினம்.

"அப்பா முன்னாடி எதுவும் சொல்ல வேண்டாம். வாயால சொல்லவே வேண்டாம். இதுல எந்த வரி நெஜம், எந்த வரி சும்மா எழுதினதுன்னு மட்டும் காட்டு. போதும்."

கைப்பேசியை அவளிடம் நீட்டினாள். சுபாஸ்ரீ வாங்கித் திரையைப் பார்த்தாள். பிறகு அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தமிழ் எழுதப் படிக்க வராதுக்கா," என்றாள். "எங்க வீட்டுல அது அம்மாவுக்கு மட்டும்தான் வரும்."