ஒரே அளவுக் கால்கள்

மருதவாணர் அலங்கார எல்.இ.டி. விளக்குகளை மல்லிகை மொட்டு வடிவில் தம் கையாலேயே வார்ப்பவர். அவற்றின் கம்பிக்கால் இரண்டையும் ஒரே அளவாக நறுக்கிவிடுவது அவர் வழக்கம். நேர்முனையைக் காட்டுவதற்கே ஒரு கால் நீண்டிருக்கிறது, முனை மாறினால் விளக்கு எரியாது என்பதை அவர் அறியாதவரல்லர். ஏறுமாறான கால்கள் அவர் கண்ணை உறுத்தின. கண்காட்சிப் போட்டிக்காக அம்மொட்டுகளை அவரிடம் வாங்கி, ரெஜினா என்ற பெண் பற்றவைத்துக் கோத்திருந்த கொடியில் பாதி எரியவில்லை.

"கால் மாத்தி சால்டர் பண்ணிட்டு, பரிசு வேற கேக்குதாம்மா?" என்று நடுவர் சிரித்தார்.

"என் தப்புதான் சார்" என்றவள், அருகில் நின்ற மருதவாணரிடம், "உங்க பூவையெல்லாம் வீணாக்கிட்டேண்ணே" என்றாள்.

மருதவாணரால் அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. நடுவர் அவள் பெயரை அடிப்பதற்குப் பேனாவைத் திறந்தார். அவரைத் தடுத்து, பிழை தம்முடையது என்று சொல்லிவிட மருதவாணர் முடிவுசெய்தார்.