மூடிக்கும் தங்கத்துக்கும் ஒரே சத்தம்

பாண்டை கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அலை ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பளசாமி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உலோகம் தேடும் கருவியை ஈரமணல்மேல் வீசி வீசி நடக்கிறார். ஈப்போவில் இருபது வயதில், பட்டாளத்தார் கழித்துவிட்ட கருவியோடு தொடங்கிய பைத்தியம், ஐம்பதிலும் விடவில்லை. வழக்கமாகத் தனியாகத்தான் அலைவார். இன்று பின்னாலேயே, கரையில் அவரை நிறுத்தி உதவி கேட்ட பத்மா வருகிறாள். மதியம் அலை தள்ளி விழுந்ததில் சரடு அறுந்து, அவள் தாலி இந்த மணலில்தான் எங்கோ புதைந்திருக்கிறது. கருவி கூவுகிறது. சல்லடையால் அள்ளிப் பார்த்தால், பியர் டப்பாவிலிருந்து பிய்த்தெறிந்த வளைய மூடி. மறுபடி கூவல், மறுபடி மூடி. “என்ன சார், மூடி வியாபாரம் ஜோரா?” கரையில் நின்று கத்துகிறான் அவள் கணவன் பாஸ்கர். “விடு பத்மா, புதுசா செஞ்சுக்கலாம்!” அவள் திரும்பவில்லை. வெறும் கழுத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறாள். “மூடிக்கும் தங்கத்துக்கும் ஒரே சத்தம்தாம்மா. மூடிதானேன்னு விட்டா தங்கமும் போயிடும்,” என்கிறார் அப்பளசாமி. அலை இந்த இடத்தை மூடிவிட்டால் நாளைக்குத் தங்கம் எந்த ஆழத்துக்கு இறங்கியிருக்குமோ என்ற பயம் அவருக்கு. கணுக்காலைத் தண்ணீர் சுற்றுகிறது. இன்னொரு கூவல். குனிந்து அள்ளுகிறார். மணல் வடிந்த சல்லடையில் மஞ்சளாக ஒரு மினுக்கம். பத்மா பாய்ந்து கையை நீட்டுகிறாள், பாதியிலேயே இழுத்துக்கொள்கிறாள். “அவர் கையில குடுங்கண்ணா.” அப்பளசாமி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கரையைப் பார்த்துக் கையசைக்கிறார். பாஸ்கர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் ஓடி வருகிறான்.