அம்மாவுக்கு ஒரு நாள் விடுப்பு

மகனின் கட்டிலை மடக்கி மாடிப்படிக்கு அடியில் தள்ளினாள் அம்மா. மருந்துச் சீசாக்களையும் சுவரிலிருந்து கழற்றிய அவன் படத்தையும் ஒரு சாக்குப் பையில் போட்டுக் கட்டினாள். அப்படி ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருந்த சுவடே தெரியவில்லை.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. இருபத்திரண்டு வயதாகியும் பேச்சும் நடையும் வராதவன், அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளட்டும் என்று, ஒரு நாள் முழுக்கத் தாங்களே கவனித்துக்கொள்ளும் இல்லம் ஒன்று ஊருக்கு வெளியே இருந்தது. காலையில் அவனை அங்கே விட்டபோது, போய் நன்றாகத் தூங்கச் சொல்லி அனுப்பினாள் ஆயா. தூக்கமாவது கீக்கமாவது, மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

முன்பு வந்த இரண்டு வரன்களும் அவனைப் பார்த்த மாத்திரத்தில் வாசலைத் தேடினார்கள். இதுவும் தட்டிப்போனால் மகள் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டாள். அதனால் ஒரே பெண் என்று தரகரிடம் சொல்லியாயிற்று. அங்கேயும் ஒரே பையனாம். நல்ல பொருத்தம்தான்.

"தம்பியை ஒளிச்சு வெச்சுட்டு எனக்கு ஒரு கல்யாணமா?" என்று மகள் முறைத்தாள். கல்யாணம் முடியட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அம்மா அவள் வாயை அடைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை காபியைக் குடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கேள்வியெல்லாம் அவன் அம்மாவுடையது. சமையலைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ராத்திரியில யாராவது முனகினா உனக்கு முழிப்பு வந்துடுமாம்மா?"

"உடனே வந்துடும்" என்றாள் மகள். வராமல் என்ன, எத்தனை வருஷப் பழக்கம்.

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துபோயிற்று. முதுகுவலி உண்டா, சட்டென்று கோபம் வருமா என்றும் விசாரித்தாள். தன் தள்ளாத காலத்துக்கு ஆள் தேடுகிறாள் போலும் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். தம்பியைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு மாமியார் எம்மாத்திரம்? அந்த அம்மாள் மகளின் கன்னத்தைத் தடவி, சீக்கிரமே நல்ல செய்தி சொல்வதாகச் சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து அவசரமாகக் கிளம்பினாள்.

அவர்கள் தலை மறைந்ததும் அம்மா பஸ் பிடித்து இல்லத்துக்கு ஓடினாள். ஆயா மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே இன்னொரு சக்கர நாற்காலி வந்தது. அதிலிருந்த இளைஞனின் வாயோரத்தைத் துடைத்தபடி கூடவே வந்தவள், சற்று முன் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போன அதே அம்மாள்.

 எல்லாம் போச்சு என்றுதான் அம்மா முதலில் நினைத்தாள். அந்த இளைஞனின் முகத்தில் மாப்பிள்ளையின் ஜாடையைக் கண்டதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவளும் ஒளித்துத்தான் வைத்திருக்கிறாள். இனி யார் யாரைக் குறை சொல்வது?

"சம்பந்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததையெல்லாம் நின்ற இடத்திலேயே கொட்டினாள். தனக்குப் பிறகு அவனுக்கு அக்காதான் கதி, அவளும் எங்கே போனாலும் தம்பியைக் கைவிட மாட்டாள் என்பதையும் பெருமையாகச் சொன்னாள்.

அந்த அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து தன் மகனின் தலையைக் கோதிவிட்டாள். பிறகு தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"உங்க பொண்ணு வேண்டாங்க. இவனை மட்டும் பாத்துக்க ஒருத்தி வேணும்னுதான் பெரியவனுக்குப் பொண்ணே தேடறேன்."