கழுதைகூட மேயாத நிலம்

வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் தன் நிலத்தைத் திட்டிக்கொண்டிருந்தான்.

“பாருங்க மேடம், கழுதைகூட மேயாது. இதைப் போய்ப் பச்சை வளையம்னு கட்டிக் காப்பாத்தி என்ன ஆகப்போகுது?”

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அண்ணன் காக்கையைவிடக் கெட்டிக்காரன். தன் குஞ்சு சொத்தை என்று ஊரைக் கூட்டிச் சொன்னால்தான் அது விலைபோகும் என்று தெரிந்துவைத்திருந்தான்.

தம்பி இந்தப் பக்கம், தன் முட்டைக்கோஸ் வரிசைகளுக்கு நடுவே, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தக் கூத்தைப் பார்த்தான்.

இரண்டும் அப்பா விட்டுப்போன ஒரே நிலம்தான். பாகம் பிரித்து நடுவில் வேலி போட்ட நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

நகரத்தைச் சுற்றி யாரும் வீடு கட்டக் கூடாது என்று சட்டம் போட்டு ஒதுக்கிய பச்சை வளையத்தில் இருந்தது அது. இப்போது இனிமேல் பிறக்கப்போகிறவர்களுக்கெல்லாம் வீடு வேண்டுமாம். கோடு போட்ட அலுவலகமே அழிரப்பரையும் எடுத்துக்கொண்டு மறுஆய்வுக்குக் கிளம்பிவிட்டது. மேடம் அங்கிருந்துதான் வந்திருந்தார். இந்த மேட்டில் இரண்டில் ஒரு நிலத்தை வீடு கட்ட விட்டுக்கொடுத்தாக வேண்டும். எது லாயக்கற்றதோ அது.

அது தெரிந்த நாள்முதல் அண்ணன் உழைத்த உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. உழுவதை நிறுத்தினான். இடித்த வீடுகளின் செங்கல்லையும் உடைந்த பீங்கானையும் லாரி லாரியாகக் கொட்டவைத்தான். மேல்மண்ணை வெட்டி விற்றுவிட்டுப் பள்ளமாகப் போட்டுவைத்தான். அதில் மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்தபோது, பிள்ளைக்குப் பல் முளைத்ததுபோல வீட்டுக்காரியைக் கூட்டிவந்து காட்டினான்.

பயிர் வைத்த காலத்தில் இதில் பாதி வேலை செய்திருந்தால் மனுஷன் எங்கேயோ போயிருப்பான்.

தம்பிக்கு வீடும் வேண்டாம், விலையும் வேண்டாம். நிலம் நிலமாக இருந்தால் போதும். அவனுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். இது போனால் இந்த வயதில் யார் வாசலில் போய் நிற்பது என்று பயந்தான்.

அதனால் அவனும் தன் பங்குக்கு உழைத்தான். களைக்கொல்லி அடித்தான், பூச்சிமருந்து அடித்தான், வேலியோரப் புதருக்குத் தீ வைத்தான். ஒரு புல் இல்லை, ஒரு புழு இல்லை. நூல் பிடித்ததுபோல வரிசை. இதைப் பார்த்த பிறகும் எவனாவது லாயக்கற்ற நிலம் என்று வாயைத் திறப்பானா?

மேடத்தோடு வந்திருந்த பெண் மட்டும் அண்ணனின் பிலாக்கணத்தைக் காதில் வாங்கவில்லை. உயிரினங்களைக் கணக்கெடுப்பவளாம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். செங்கல் குவியலின் இடுக்கில் டார்ச் அடித்தாள். பள்ளத்தின் ஓரம் மண்டியிட்டுக் கையை விட்டாள். எழுந்து வரும்போது முகமெல்லாம் பல்.

மூடிய கைக்குள் ஏதோ கத்தியது.

இந்த வட்டாரத்திலேயே அற்றுப்போய்விட்டதாக நினைத்திருந்த தவளையாம் அது. பள்ளம் முழுக்கத் தலைப்பிரட்டைகள் நெளிகிறதாம். செங்கல் இடுக்கில் இன்னும் என்னென்னவோ குடும்பம் நடத்துகிறதாம். இதில் இனி ஒரு கல் நடக்கூட யாரையும் விட மாட்டார்களாம்.

“ஐயா, எத்தனை வருஷமா இதை இப்படிப் பாதுகாத்துட்டு வர்றீங்க?” தவளை இல்லாத கையால் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் உலகத்தில் உண்டு. லாரி வைத்துப் போட்டுக்கொண்டவன் இவன் ஒருவன்தான்.

தம்பிக்குச் சிரிப்பு பீறிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். அண்ணனுக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சிரித்தான். வேலி போட்ட நாளிலிருந்து மனதில் கிடந்த எரிச்சலெல்லாம் அதில் தீர்ந்தது.

சத்தம் கேட்டு மேடம் திரும்பினார். வேலியோரம் வந்து நின்று, முட்டைக்கோஸ் வரிசைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பூட்ஸ்காரியும் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

தம்பி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாராட்டு வாங்க நிமிர்ந்து நின்றான்.

“இங்க ஒண்ணுமே இல்லையே” என்றார் மேடம், நிம்மதியாக.