மூன்றாம் சரணம்

அவள் மைக்கைக் கையில் எடுத்ததுமே கூட்டம் அந்தப் பாட்டைத்தான் கேட்டது.

"ரெபேக்கா அக்கா, எத்திராஜ் பாட்டு."

மேடையின் இடப்பக்கம் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். முன்பே வந்து, தன்மையாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மத்தது எது வேணா பாடும்மா. அது மட்டும் வேணாம். காண்ட்ராக்டர் பேரு வருது. பாடுனா வண்டியில ஏத்திருவேன்."

அந்தப் பக்கம் பார்க்க அவளுக்குப் பயமில்லை. பாடுவது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள்.

வலப்பக்கம்தான் பார்க்க முடியவில்லை.

அங்கே, தரையில், முதல் ஆளாகத் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். எத்திராஜின் மனைவி. மடியில் மகள்.

எத்திராஜ் பாதாளச் சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்டுச் செத்தவன். கூட இறங்கிப் பிழைத்து வந்தவர் அழுதுகொண்டே சொன்னதை ரெபேக்கா பாட்டாக்கியிருந்தாள். இன்று அந்தப் பேட்டையில் அதைப் பாடத் தெரியாத ஆளில்லை.

மேடையேறப் போனவளின் முழங்கையைப் பிடித்துத் தேசம்மா நிறுத்தியிருந்தாள்.

"குழிக்குள்ள மூச்சுக்குத் தவிக்கிற எடம் வருமே. அத மட்டும் வுட்டுரும்மா. அப்பா கஷ்டப்படல, ஒடனே போயிட்டாருன்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

அதுதான் மூன்றாம் சரணம். கேட்பவர்களை எழுந்து நிற்க வைப்பது அதுதான்.

பதில் சொல்வதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டில்லிபாபு பறையில் முதல் அடியைப் போட்டான்.

அவள் பாடினாள்.

*எத்திராஜு எத்திராஜு, மூடி தொறந்தது யாரு?*

கூட்டம் கை தட்டித் தாளத்தில் சேர்ந்துகொண்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்தார்.

இரண்டாம் சரணத்தில் காண்ட்ராக்டரின் பெயர் வந்தது. அவள் விழுங்கவில்லை. வாய் நிறையச் சொன்னாள்.

இரண்டு பெண் காவலர்கள் மேடைப் படிக்கட்டின் கீழே வந்து நின்றார்கள்.

மூன்றாம் சரணம்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பறை மட்டும் போய்க்கொண்டிருந்தது. டில்லிபாபு அடித்தபடியே திரும்பிப் பார்த்தான். அவன் பார்வை அவளிடமிருந்து படிக்கட்டுக்குப் போனது. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் அடித்தான்.

"பயந்துட்டியாக்கா?"

பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். கேலி இல்லை. வருத்தம்தான்.

காரணத்தைச் சொல்ல முடியாது. அந்தச் சிறுமி அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு குரல் மூன்றாம் சரணத்தை எடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அவள் விட்ட இடத்தைத் தாங்கள் நிரப்புவதாக நினைத்துக்கொண்டு முழுக் கூட்டமும் பாடத் தொடங்கியது.

வேண்டாம் என்று அவள் கையை உயர்த்தினாள்.

இன்னும் உரக்கப் பாடச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

உரக்கப் பாடினார்கள்.

தேசம்மா குனிந்து, மகளின் இரண்டு காதுகளையும் பொத்தினாள். சிறுமி அந்தக் கைகளை விலக்கப் பார்த்தாள்.

ரெபேக்கா மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தாள். முழங்கால் சிராய்த்தது. நேரே போய்த் தேசம்மாவின் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

முதலில் பறை நின்றது. பிறகு முன்வரிசை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வரைக்கும்.

மைக்கின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"மன்னிச்சிடுக்கா" என்றாள் ரெபேக்கா.

தேசம்மா மகளின் காதிலிருந்து கையை எடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

"பாதியில நிறுத்திட்டா விட்டுருவேன்னு நெனச்சியா? எழுந்திரு."

ரெபேக்கா எழுந்தாள். காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. பயந்து நிறுத்தியவளுக்காகக் குறுக்கே வர யாருக்கும் கால் எழவில்லை.

தேசம்மா அதைப் பார்த்தாள். கூட்டத்தையும் ஒரு முறை பார்த்தாள்.

பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பினாள்.

"மல்லிகாக்கா, பாப்பாவ இட்டுக்கினு போயி ஐஸ் வாங்கிக் குடு. கடைத்தெரு வரைக்கும் போ."

சிறுமி போக மறுத்தாள். மல்லிகா இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

தேசம்மா எழுந்து படியேறினாள். கீழே கிடந்த மைக்கை எடுத்தாள். பிடிக்கத் தெரியவில்லை. டில்லிபாபு அதைச் சரியான பக்கம் திருப்பிக் கையில் கொடுத்தான்.

"நீ எதுக்கும்மா மேல ஏறுற? எறங்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மல்லிகாவின் தோளில் மகளின் தலை சிறிதாகிக்கொண்டே போனது.

தெருமுனையில் திரும்பி மறைந்தது.

தேசம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.